பத்மினியா, அம்பாசடரா: இரண்டையும் வாங்கிப் பார்த்தவன் எழுதுவது

2022 மே மாதம் ஒரு பிரீமியர் பத்மினி வாங்கினேன். அதை விற்றுவிட்டு 2024 ஜனவரியில் ஓர் அம்பாசடர் வாங்கினேன். இந்த இரண்டு வண்டிகளுக்கும் நடுவே ஒன்றே கால் லட்சம் ரூபாயும் ஏகப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. கொடைக்கானல் மலைப்பாதையில் ஒரு மாலை நேரத்தை இன்றும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது. பழைய கார் வாங்கும் ஆசை யாருக்காவது இருந்தால், நான் யாரிடமும் கேட்க முடியாமல் தனியாகக் கற்றுக்கொண்டதை அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்பா திண்டுக்கல்லில் வாடகை அம்பாசடர் ஓட்டியவர். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அதனால் கார் வாங்கும் யோசனை வந்ததும் ஒரு நோட்டை எடுத்து இரண்டு பத்தி போட்டு எண்களை எழுத ஆரம்பித்தேன். அம்பாசடர், பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்து மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் செய்தது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை வந்தது. பத்மினி, பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட் 1100. 1964இல் ‘டிலைட்’ என்று வந்து, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறியது. எண்பதுகளின் பெட்ரோல் அம்பாசடரின் நான்கு சிலிண்டர்களும் 73 மி.மீ. விட்டம், 88.9 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒருமுறை நகரும் தூரம்); கூட்டினால் 1489 சிசி. பத்மினிக்கு 68 மி.மீ. விட்டம், 75 மி.மீ. ஸ்ட்ரோக், 1089 சிசி. அதன் எடை 895 கிலோ. அம்பாசடர் 1,100 கிலோவைத் தொடும். திறன் என்று பார்த்தால் பத்மினி நாற்பது குதிரைத்திறனைச் சுற்றி, அம்பாசடர் ஐம்பதைச் சுற்றி. வகுத்துப் பார்த்தேன். இரண்டுமே டன்னுக்கு ஏறத்தாழ 45 குதிரைத்திறன்தான்! ஓட்டம் ஒன்றாகவே இருக்கும், பத்மினிதான் சின்ன வண்டி, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், சந்துக்குள் திரும்பும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. காலி வண்டியை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். நான்கு பேரும் பெட்டியும் சேர்ந்து 300 கிலோ ஏறினால் பத்மினிக்கு டன்னுக்கு 33தான் மிஞ்சுகிறது, கால்வாசி போய்விடுகிறது. அம்பாசடருக்கு 36 அளவில் நிற்கிறது. அதைவிட முக்கியம், ஸ்ட்ரோக் நீளமான அம்பாசடர் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவையைக் கொடுத்துவிடும். பத்மினி எஞ்சினைச் சுற்றவிட்டால்தான் உயிர் வரும். தட்டையான சாலையில் இந்த வித்தியாசம் தெரியாது. ஏற்றத்தில், நாலு பேரோடு, கடைசி வளைவில் தெரியும். தனியாகவோ இருவராகவோ ஊருக்குள் ஓட்டப்போகிறீர்களா, குடும்பத்தோடு வெளியூர் போகப்போகிறீர்களா என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு பிறகு எண்களைப் பாருங்கள்.

பத்மினி காரைக்குடிப் பக்கம் கிடைத்தது. 1986ஆம் ஆண்டு வண்டி, கிரீம் நிறம். பெரிய வீட்டின் கொட்டகையில் நின்றிருந்ததாகத் தரகர் சொன்னார். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. ‘விண்டேஜ் வண்டி சார், விலை ஏறிக்கொண்டே போகும்’ என்றார். 1,60,000 ரூபாய் கொடுத்தேன். விண்டேஜ் என்ற சொல்லுக்கு 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதியில் தெளிவான பொருள் இருக்கிறது. 50 வயதைத் தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டிக்குத்தான் அந்தப் பதிவு கிடைக்கும். அப்படிப் பதிந்துவிட்டால் அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. எண்பதுகளின் வண்டிக்கு அந்தச் சொல்லைச் சொல்லி யாராவது விலை ஏற்றினால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

நான்காம் மாதம் மழை வந்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே விரிப்பு நனைந்திருந்தது. விரிப்பைத் தூக்கினேன். தகரத்தின் மேல் தார் பூசியிருந்தார்கள். விரலால் அழுத்தினேன். பிஸ்கட் போல நொறுங்கி, என் விரல் தரைக்கு வெளியே போனது. ஓட்டை வழியாகச் சிமென்ட் தரை தெரிந்தது. வெகுநேரம் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது என்றே தெரியவில்லை. வீட்டில் சொன்னால் ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்பார்கள் என்று பயந்து, ஒரு வாரம் மறைத்தேன்.

பழைய வண்டி என்றால் லாரி மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம் இருக்கும், மேலே தகரம் துருப்பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பத்மினி, அம்பாசடர் இரண்டுக்குமே தனிச் சட்டம் கிடையாது. உடல்தான் எலும்பு. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் விளிம்புப் பெட்டியும் அரித்துப்போனால் வண்டியே அரித்துப்போனது என்று பொருள். அதனால் வாங்கப்போகும்போது ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, விளிம்பு என்று ஒட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவும் இடமெல்லாம் பட்டி பூசிய இடம். விரிப்பைத் தூக்கிக் காட்ட மாட்டேன் என்றால் வண்டி வேண்டாம். புதுப் பெயின்ட்டைப் பார்த்தால் சந்தோஷப்படாதீர்கள்; மங்கிய பழைய பெயின்ட்டில்தான் ஒளித்து வைக்க எதுவும் இருக்காது. எனக்கு டிங்கரிங் என்கிற தகர வேலைக்கு மட்டும் 46,000 ரூபாய் ஆனது. இரண்டு மாதம் என்று சொன்ன வேலை ஐந்து மாதத்தை நெருங்கியது. காரணம் எளிது. பட்டறைக்காரருக்குத் தினமும் வரும் இன்ஷூரன்ஸ் வேலைதான் சோறு. நம் வண்டி ஓரத்தில் நிற்கும். முன்பணம் மொத்தமாகக் கொடுத்துவிட்டதுதான் என் தவறு. தரை முடிந்தால் இவ்வளவு, கதவு முடிந்தால் இவ்வளவு என்று பிரித்துக் கொடுத்திருந்தால் வேலை நகர்ந்திருக்கும்.

டிசம்பரில் அம்மா, மனைவி, மகன் மூவரையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் கிளம்பினேன். வத்தலக்குண்டு தாண்டிக் காட் ரோடு வரை வண்டி மணி மாதிரி போனது. பத்மினியின் அழகை அங்கே சொல்லியாக வேண்டும். முன் சன்னலின் முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால் காற்று நேராக நெஞ்சில் வந்து விழும். எழுபது கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சத்தம் தையல் மிஷின் போல ஒரே சீராக இருக்கும். டம்டம் பாறைக்குச் சற்று முன்னால் அந்தச் சத்தம் உடைந்தது. இரண்டு முறை இருமிவிட்டு வண்டி நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்னால் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். இந்தக் கார்களில் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருக்கும். ஏற்றத்தில் மெதுவாக, முதல் இரண்டு கியரில் ஏறும்போது காற்றோட்டம் குறைந்து எஞ்சின் அறை கொதிக்கும். பம்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் திரவத்தைத்தான் இழுக்க முடியும், ஆவியை இழுக்க முடியாது. மேலே இருந்து வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் இறங்கி, ‘துண்டு இருக்கிறதா?’ என்று கேட்டார். அம்மாவின் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பம்பின் மேல் சுற்றினார். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது. பழைய ஓட்டுநர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியமாம். என் அப்பாவுக்கும் தெரிந்திருக்கும், நான் கேட்டதே இல்லை. மலை ஏறினால் ஐந்து லிட்டர் தண்ணீர், ஒரு பருத்தித் துண்டு இரண்டும் வண்டியில் இருக்கட்டும். பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாய்க்கு அருகில் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாயையும் பம்புக்குள் இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வையும் எத்தனால் ஊறவைத்து உப்பச் செய்யும், டேங்கில் படிந்த துருவையும் கிளறிவிடும். வண்டி வாங்கிய முதல் வாரமே டேங்கை இறக்கிக் கழுவி, எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றிவிடுங்கள். இதற்கு எனக்கு 7,000 ஆனது. முதல் வாரமே செய்திருந்தால் நடுவழியில் நின்றிருக்க மாட்டேன்.

நின்றது பயம் இல்லை. இறங்கியதுதான் பயம். மறுநாள் மாலை இறங்கும்போது பெருமாள்மலையில் இருந்தே நான் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டு வந்தேன். ஊத்து என்ற இடத்தைத் தாண்டியபின் ரப்பர் கருகுவது போல ஒரு வாடை. முன்னால் போகும் லாரியின் வாடை என்று நினைத்தேன். அடுத்த வளைவில் பெடலை அழுத்தினேன். எதிர்ப்பே இல்லாமல் அது தரை வரை போனது. இரண்டாம் முறை அழுத்தினேன், அதேதான். மூன்றாம் கியரில் இருந்து இரண்டாவதற்கு இழுத்தேன், எஞ்சின் அலறியது. கைப்பிரேக்கை மெல்ல மெல்ல ஏற்றி, இடப்பக்கம் மலைச்சரிவாக இருந்ததால் மண்மேட்டில் வண்டியைச் சாய்த்து உரசவிட்டு நிறுத்தினேன். அம்மா ஒரு சொல் பேசவில்லை. டாஷ்போர்டைப் பிடித்திருந்த கையை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது. மகன் அழவில்லை, ஆனால் வண்டியில் இருந்து இறங்கிப் போய்த் தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டான். அவர்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என் ஆசைதானே என்ற எண்ணம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பெடல் தானாகத் திரும்பி வந்தது. அதில்தான் காரணம் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஈரம் சேரச் சேர அது சீக்கிரம் கொதிக்கும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அழுத்தினால் சுருங்கும், அழுத்தம் சக்கரம் வரை போகாது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். இதை நான் வகுப்பில் வேறு உதாரணம் சொல்லி ஆண்டுதோறும் நடத்துகிறேன். பத்மினிக்கும் எண்பதுகளின் பெட்ரோல் அம்பாசடருக்கும் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான், டிஸ்க் கிடையாது. டிரம் ஒரு மூடிய உருளை, அதற்குள் சூடு அடைபடும். எனவே எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை விட்டு விட்டுப் பிடியுங்கள். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். வாங்கிய வண்டியில் எப்போது மாற்றினார்கள் என்று கேட்கவே வேண்டாம், மாற்றிவிட்டு ஓட்டுங்கள். அன்று வண்டியை ஏற்றிக் கொண்டுவர 6,000, பிரேக் வேலைக்கு 9,500, ரேடியேட்டருக்கு 6,500, டயர் முதலான சில்லறைகளுக்கு 7,000. டிங்கரிங்கும் டேங்கும் சேர்த்து மொத்தம் 82,000 ரூபாய் பத்மினிக்குள் போயிருந்தது.

2023 அக்டோபர் கடைசியில் மும்பையின் பத்மினி டாக்சிகள் ஓய்வு பெற்ற செய்தி வந்தது. இரண்டு வாரத்தில் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். தரை மாற்றியது, பிரேக் நடந்தது எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்றேன். 1,15,000 கிடைத்தது. கணக்குப் பார்த்தால் நஷ்டம் 1,27,000. பதினெட்டு மாதத்தில் ஏழு மாதம் வண்டி பட்டறையில் இருந்தது. போகும்போது அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அது நல்ல வண்டி. அந்த வண்டிக்கு நான் தயாராக இல்லை.

அம்பாசடரை இந்த முறை காந்தத்தோடும், அப்பாவின் பழைய நண்பரான மெக்கானிக் ஒருவரோடும் போய்ப் பார்த்தேன். 1988ஆம் ஆண்டு, பெட்ரோல், விருதுநகர்ப் பக்கம். தரை கல் மாதிரி. ‘எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி, எஞ்சினும் நன்றாக இருக்கிறது’ என்றார் அவர். 1,90,000 கொடுத்தேன். தகரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த நான் காகிதத்தைப் பார்க்கவில்லை. ஆர்சி புத்தகத்தின் முதல் பக்க நகல் மட்டும் கையில் இருந்தது. அதில் பெட்ரோல் என்று இருந்தது, போதும் என்று விட்டுவிட்டேன். மூலப் புத்தகம் கைக்கு வந்தபோது உள்பக்கத்தில் ஒரு முத்திரை: 1996இல் டீசல் எஞ்சினுக்கு மாற்றப்பட்டது என்று பதிவு. வாடகைக்கு ஓடிய பல அம்பாசடர்களுக்கு அந்தக் காலத்தில் இப்படி டீசல் எஞ்சின் வைத்தார்கள். பிறகு யாரோ வேறொரு காரின் பெட்ரோல் எஞ்சினைத் திரும்ப வைத்திருக்கிறார்கள், அதைப் பதியவில்லை. ஆக, புத்தகப்படி என் வண்டி டீசல். எஞ்சின் எண்ணும் வேறு. பதிவைப் புதுப்பிக்க வேண்டிய தேதியும் நெருங்கியிருந்தது.

எஞ்சின் மாற்றினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஏற்ற வேண்டுமானால் அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். பில் யாரிடமும் இல்லை. எனக்கு விற்றவர் கையை விரித்தார். அவருக்கு முந்தியவரைத் தேடிப் போனேன், அவருக்கும் முந்தியவரை ராஜபாளையத்தில் பிடித்தேன். ஐந்து முறை போனேன். அவர் மனைவிதான் ஒரு தகரப் பெட்டியில் இருந்து, சென்னை புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்கிய பில்லை எடுத்துக் கொடுத்தார். ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது, எஞ்சின் எண் மட்டும் தப்பியிருந்தது. அந்தத் தாளை வாங்கியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற சான்று, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் சேர்த்துப் பதிவு முடிய ஆறு மாதமானது. புதுப்பிக்கத் தாமதமானதற்கு மாதம் 500 ரூபாய் தனி. பயணம், கட்டணம் எல்லாம் சேர்த்து 38,000.

இதில் நான் சொல்லக்கூடியது, முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆர்சி புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நேரில் புரட்டுங்கள். வண்டியின் உடலில் பதித்த சேஸிஸ் எண், எஞ்சின் எண் இரண்டையும் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களின் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கும். ஏற்றித் தருவது விற்பவர் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எந்தக் காலத்திலோ வாங்கிய கடன் அடைந்திருந்தும் அடமானப் பதிவு நீங்காமல் இருந்தால் படிவம் 35 வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28 தடையில்லாச் சான்று, அதற்கு மேல் இங்கே வரி. பதினைந்து ஆண்டுக்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். நான் கட்டியபோது 5,000. 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். இதையும் வண்டி விலையோடு சேர்த்தே பாருங்கள்.

இப்போது இரண்டையும் ஓட்டியவனாக என் கருத்து. ஊருக்குள் பத்மினிதான். அதன் அகலம் 1,460 மி.மீ.; அம்பாசடர் அதைவிட அகலம், வித்தியாசம் ஒரு சாணுக்கும் சற்றுக் குறைவுதான், ஆனால் திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் அந்தச் சாண்தான் எல்லாம். பெட்ரோல் என் கையில் பத்மினி லிட்டருக்கு 13 கொடுத்தது, அம்பாசடர் 9.5க்கு மேல் போனதில்லை. கிளட்ச் பத்மினியில் மெத்தென்று இருக்கும், அம்பாசடரில் முட்டி வலிக்கும். ஆனால் ஸ்டியரிங் கனமாக இருந்தாலும் அம்பாசடர் சொன்ன இடத்துக்குப் போகும். பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரலாம். சக்கரம் 15 அங்குலம் என்பதால் குழியில் விழுந்தாலும் வண்டி அதிராமல் ஏறிவிடும். நான்காம் கியரில் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் இருந்தும் இழுத்துக்கொண்டு போகும் அந்த நிதானம் பத்மினியில் கிடைக்கவே கிடைக்காது. உதிரி பாகம் 2014 வரை வந்த வண்டி என்பதால் எளிதில் கிடைக்கிறது. பத்மினிக்கு ஒரு கதவுக் கைப்பிடிக்காக நான் இரண்டு மாதம் அலைந்தேன். பராமரிப்பில் அம்பாசடர் முக்கியமாகக் கேட்பது ஒன்று: முன் சக்கரத் தொகுதியின் க்ரீஸ் நிப்பிள்களுக்கு விடாமல் க்ரீஸ் அடிக்க வேண்டும். விட்டால் முன்பக்கம் தேய்ந்து ஸ்டியரிங் ஆடும். என் வண்டியில் எஸ்யூ வகைக் கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குத் தரும் கருவி). அதன் தலையில் உள்ள குமிழைத் திருகி மாதம் ஒருமுறை சில சொட்டு எண்ணெய் விடுகிறேன். விட மறந்த மாதம் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திணறும்.

மழைக்காலம் முடிந்ததும் அம்பாசடரில் தனியாகக் கொடைக்கானல் போய் வந்தேன். டம்டம் பாறையில் நிற்கவில்லை. இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வந்தேன், பின்னால் எத்தனை ஹார்ன் அடித்தாலும். அந்த மண்மேட்டில் பத்மினியின் கிரீம் பெயின்ட் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்தேன். புல் முளைத்து மூடியிருந்தது. அம்மா பழனி வரை இந்த வண்டியில் வருகிறார், முன் இருக்கையில்தான் உட்காருகிறார். கொடைக்கானல் என்றால் மட்டும் பஸ்ஸில் போகலாம் என்கிறார். நானும் வற்புறுத்துவதில்லை.